பெரிய சாடிகளில் திரி: நீரை ஏற்றவா, வடிக்கவா?

கொழும்பில் மொட்டை மாடியிலோ பல்கனியிலோ மரக்கறி வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் திரியைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். "சாடியில் ஒரு திரியைப் போட்டுவிட்டால் ஒரு கிழமைக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை" என்பார் ஒருவர். "திரி போட்ட பிறகுதான் என் கத்தரிக்கு வேர் அழுகியது" என்பார் இன்னொருவர். "சின்னப் பூச்சாடிக்கு அது சரி, இருபது லீற்றர் வாளிக்கு எடுபடாது" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் திரி உண்மையில் என்ன செய்கிறது என்பதை மூவருமே கேட்டுப் பார்த்ததில்லை.

2022 நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்யும்படி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. நிலமில்லாத தொடர்மாடி வீட்டுக்காரர்களும் பெயின்ட் வாளியிலும் உரப்பையிலும் மிளகாயும் தக்காளியும் நட்டுப் பார்த்த காலம் அது. அந்தப் பழக்கம் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆகவே, நகரத்து வாளிச் செடிகள் பலவற்றின் உயிரைக் குடிக்கும் ஒரு விடயத்தையும், அதற்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் ஒரு தீர்வையும் முதலிலிருந்து விளக்குகிறேன். சாடி என்று நான் சொல்லும்போது வாளி, உரப்பை, பெரிய பிளாஸ்டிக் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

விளக்குத் திரி செய்யும் இரண்டு வேலைகள்

குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அகலில் எண்ணெய் தாழ்வாகக் கிடக்கிறது. திரியின் நுனி அதற்கு மேலே எரிகிறது. நுனியில் எண்ணெய் எரிந்து தீரத் தீர, கீழிருந்து புதிய எண்ணெய் தானாக ஏறி வருகிறது. இது திரியின் முதல் வேலை.

இரண்டாவது வேலையை விளக்குத் துலக்குபவர்கள் நன்றாக அறிவார்கள். விளக்கை அணைத்துவிட்டு, திரி அகலின் மூக்கைத் தாண்டிக் கீழே தொங்கும்படி விட்டுவிட்டால், காலையில் அடித்தட்டில் எண்ணெய் தேங்கியிருக்கும். திரி எண்ணெயை விளிம்பு வரை ஏற்றி, மறுபுறம் கீழே இறக்கியிருக்கிறது. தொங்கும் நுனி அகலில் உள்ள எண்ணெயின் மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்ததால், நெருப்பே இல்லாமல் எண்ணெய் ஓடியது.

ஒரே திரி, ஒரே எண்ணெய். நுனி எங்கே இருக்கிறது, அந்த நுனியில் என்ன நடக்கிறது என்பவைதான் ஓட்டத்தின் திசையைத் தீர்மானித்தன. சாடியிலும் இதே கதைதான். சாடிக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி இருந்தால் திரி நீரை மேலே கொண்டுவரும். தொட்டி இல்லாமல் திரி அந்தரத்தில் தொங்கினால் சாடியிலுள்ள நீரைக் கீழே இறக்கும். முதலாவதை ஏற்றுதிரி என்றும் இரண்டாவதை வடிதிரி என்றும் இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

நீர் ஏன் ஏறுகிறது?

நீருக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, பருத்தி, மண், கண்ணாடி போன்ற பல பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். மற்றது, தன் துகள்களை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஒடுங்கிய இடைவெளி ஒன்று கிடைத்தால், சுவரில் ஒட்டிய நீர் மேலே நகர, அதைப் பிடித்திருக்கும் நீரும் பின்னால் இழுபட்டு வருகிறது. மேலே ஏறிய நீரின் பாரமும் இந்த இழுப்பும் சமமாகும் இடத்தில் ஏற்றம் நிற்கிறது. ஒடுங்கிய இடைவெளிகளில் நீர் இப்படி ஏறும் தன்மைக்கு மயிர்த்துளைத்தன்மை என்று பெயர்.

இடைவெளி எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் ஏறுகிறது. விட்டம் அதில் பத்தில் ஒன்றானால் ஏற்றம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றராகிவிடும். திரியின் நூல்களுக்கு இடையேயும், மண் துகள்களுக்கு இடையேயும், தும்புத்தூளுக்குள்ளும் இருப்பவை இப்படிப்பட்ட நுண்ணிய இடைவெளிகளே. ஒடுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதில் நீர் உயரமாக ஏறும், ஆனால் மெதுவாக நகரும்.

இதுவரை பார்த்ததில் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நுண்ணிய இடைவெளி நீரை இழுத்துப் பிடிக்கும். திரியின் நுனி இருக்கும் இடத்தைப் பொறுத்து நீர் ஏறும் அல்லது இறங்கும்.

சாடியின் அடியில் தங்கும் நீர்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அடியில் துளையிட்ட வாளிக்குத் தண்ணீர் ஊற்றினால், மிகுதி எல்லாம் துளை வழியே போய்விடும் என்று நாம் நம்புகிறோம். போவதில்லை. மேலிருந்து வரும் நீர் சொட்டி முடிந்த பிறகும், அடியில் சில சென்ரிமீற்றர் உயரத்துக்கு மண்கலவை முற்றாக நனைந்தே இருக்கும். மயிர்த்துளைத்தன்மை அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. துளைக்கு வெளியே இருப்பது வெறும் காற்று. அங்கே நீரை இழுக்க எதுவும் இல்லை. இப்படி அடியில் நின்றுவிடும் நீரைத் தங்குநீர் என்போம்.

பாத்திரம் கழுவும் புதிய ஸ்பொஞ்ச் ஒன்றிருந்தால் இதை இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். அதை நீரில் முழுமையாக ஊறவைத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு பிழியாமல் அப்படியே நெட்டாக நிறுத்திப் பிடியுங்கள். மறுபடியும் சொட்டத் தொடங்கும். ஸ்பொஞ்ச் மாறவில்லை, துளை எதுவும் போடவில்லை. நீர்த்தூணின் உயரம் கூடியது, அதனால் பாரம் வென்றது. இப்போது நனைந்த துணிக்கீலம் ஒன்றை அதன் கீழ் நுனியில் அழுத்திப் பிடித்துத் தொங்கவிடுங்கள். இன்னும் கொஞ்சம் நீர் வெளியேறும். வடிதிரியின் தத்துவம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

தங்குநீரின் உயரம் மண்கலவையின் தன்மையைப் பொறுத்தது. சாடி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததல்ல. ஒரு கலவையில் 8 சென்ரிமீற்றர் நீர் தங்கும் என்று வைத்துக்கொள்வோம். 16 சென்ரிமீற்றர் உயரச் சாடியில் அது பாதி. 35 சென்ரிமீற்றர் உயர வாளியில் கால்பங்கிலும் சற்றுக் குறைவு. பெரிய சாடி பாதுகாப்பானது என்று சொல்லப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்தக் கால்பங்கும் பல லீற்றர் மண். செடி வளர வளர வேர்கள் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

அங்கே வேருக்கு என்ன கேடு? வேரும் சுவாசிக்கிறது, அதற்கும் ஒட்சிசன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஒட்சிசன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நாட்கணக்கில் நனைந்தே கிடக்கும் அடிமண்ணில் வேர் மூச்சுத்திணறி இறக்கிறது. இறந்த வேரை அழுகல் நோய்க் கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன. வேர் போனால் நீரை உறிஞ்ச வழியில்லை. ஆகவே தண்ணீர் நிறைந்த சாடியிலேயே செடி வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்ததும் நாம் இன்னும் ஒரு கோப்பை ஊற்றுகிறோம். மிளகாயும் கத்தரியும் பச்சை இலையோடு தலை தொங்கிச் சாகும்போது, ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான். ஒரு ஈர்க்கில் அல்லது மெல்லிய கம்பை அடிவரை செருகி இழுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. மேலே காய்ந்தும் அடியில் சேறாகவும் இருக்கும் சாடிகள் ஏராளம்.

கல் போட்டால் வடியுமா?

வடியாது. அடியில் சரளைக்கல், கரி, பொச்சுமட்டை என்று ஒரு படை போட்டு அதன்மேல் மண் நிரப்பும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சொல்லித்தந்தவர்கள் நம் பெரியவர்கள் என்பதால் மறுக்கவும் மனம் வருவதில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். நுண்ணிய இடைவெளியில் பிடிபட்டிருக்கும் நீர், அகன்ற இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் கீழ்ப்பகுதி முற்றாக நனைந்த பின்னரே கல்லுக்குள் சொட்டத் தொடங்கும். ஆகவே தங்குநீர் மறைவதில்லை. கற்படைக்கு மேலே இடம் மாறி நிற்கிறது.

மேலே சொன்ன 35 சென்ரிமீற்றர் வாளியில் 10 சென்ரிமீற்றர் கல் போட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது 25. அதில் 8 சென்ரிமீற்றர் தங்குநீர். கால்பங்காக இருந்த ஈரப்பகுதி இப்போது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வடிகாலுக்காகச் செய்த வேலை வேரின் இடத்தைச் சுருக்கிவிட்டது. துளையிலிருந்து மண் கொட்டாமல் இருக்க ஓர் ஓட்டுத்துண்டு அல்லது வலைத்துண்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதே கரியும் பொச்சுமட்டைத் துண்டுகளும் மண்ணோடு கலக்கப்பட்டால் நல்ல பயன் தரும். கலவையின் இடைவெளிகள் அகன்று, தங்குநீரின் உயரமே குறையும்.

வடிதிரி: கொழும்புக்கு முதலில் வேண்டியது

கொழும்பில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றரைத் தாண்டும் மழையும் நமக்குப் புதிதல்ல. வாய் 30 சென்ரிமீற்றர் அகலமுள்ள வாளிக்குள் அந்த 100 மில்லிமீற்றர் ஏறத்தாழ 7 லீற்றர் நீரைக் கொட்டும். செடிக்கு நீர் எப்படிக் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன், வேண்டாத நீரை எப்படி வெளியேற்றுவது என்று யோசிக்க வேண்டிய ஊர் இது. திரி என்றாலே நீர் ஊற்றாமல் தப்பும் வழி என்று எண்ணுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

செய்முறை எளிது. திரியை முதலில் நீரில் நன்றாக ஊறவையுங்கள். ஒரு பாதியை வாளியின் உள்ளே அடியில் விரித்துப் பரப்புங்கள். மறு பாதி துளை வழியே வெளியே வந்து, வாளியின் அடிக்குக் கீழே 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நேராகத் தொங்க வேண்டும். அகலமான வாளிக்கு இரண்டு மூன்று துளைகளில் இப்படிச் செய்யலாம். உள்ளே இருக்கும் பாதி மண்கலவையை நேரடியாகத் தொட வேண்டும். இடையில் கல்லோ பொலித்தீனோ வந்தால் இழுப்பு அறுந்துவிடும்.

தொங்கும் திரி நீர்த்தூணைக் கீழ்நோக்கி நீட்டிவிடுகிறது. சாடி அந்த அளவுக்கு உயரமானதாகிவிட்டது என்றே நீர் எடுத்துக்கொள்ளும். திரி 8 சென்ரிமீற்றர் தொங்கினால் தங்குநீரின் மேல்மட்டம் ஏறத்தாழ அதே அளவு தாழும். முன்பு வாளிக்குள் நின்ற ஈரப்பகுதி இப்போது திரிக்குள் நிற்கிறது.

இதற்காகவே சாடியைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். சீமெந்துத் தரையில் மடங்கிக் கிடக்கும் திரியால் எந்தப் பயனும் இல்லை, தொங்கும் உயரம்தான் வேலை செய்கிறது. இரண்டு சீமெந்துக் கற்களை இடைவெளி விட்டு வைத்து அவற்றின்மேல் வாளியை வைத்தால் போதும். மாடித்தளம் எப்போதும் நனைந்து கிடக்காமல் காற்றோட்டமும் கிடைக்கும், கீழ்வீட்டாரோடு மனக்கசப்பும் வராது. முற்றத்து மண்ணில் நேரடியாக அமர்ந்திருக்கும் சாடிக்குப் பெரும்பாலும் வடிதிரி தேவைப்படாது. துளை வழியே சாடி மண்ணும் நில மண்ணும் தொட்டுக்கொண்டால், நிலமே திரியின் வேலையைச் செய்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. வடிதிரி மெதுவாகவே வேலை செய்யும். அடைமழையின் வெள்ளத்தை வெளியேற்றுவது துளைகளின் பொறுப்பு. துளைகள் அடைபட்டிருந்தால் திரியால் சாடியைக் காப்பாற்ற முடியாது. துளைகள் விட்டுவைத்த மிச்சத்தை எடுப்பதே திரியின் பணி. அடியில் நீரேந்தும் தட்டு வைத்திருந்தால் மழைக்காலத்தில் அதை எடுத்துவிடுங்கள். தட்டு நிறைந்து திரியின் நுனி நீரில் மூழ்கினால், இறங்கிய நீர் மறுபடி ஏறும்.

சுருக்கமாகச் சொன்னால், வடிதிரிக்கு வேண்டியவை மூன்று: மண்ணோடு நெருங்கிய தொடர்பு, கீழே தொங்கும் உயரம், நீரில் மூழ்காத நுனி.

ஏற்றுதிரி: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இங்கே சாடிக்குக் கீழே மூடிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். திரியின் கீழ்நுனி நீரில், மேல்நுனி மண்ணில். விளக்கில் நெருப்பு செய்த வேலையை இங்கே செடி செய்கிறது. இலைகளிலிருந்து நீர் ஆவியாக வெளியேறுவதை ஆவியுயிர்ப்பு என்கிறோம். அதற்கு ஈடாக வேர்கள் மண்ணின் நீரை உறிஞ்ச, மண் சற்றுக் காய்கிறது. காய்ந்த மண் திரியிலிருந்து இழுக்கிறது, திரி தொட்டியிலிருந்து இழுக்கிறது. செடி குடிக்கும் அளவுக்கு நீர் வருகிறது என்பதால் இது அழகான ஏற்பாடுதான்.

பிரச்சினை அளவில் இருக்கிறது. காய்த்துக் குலுங்கும் தக்காளி அல்லது கத்தரி, கொழும்பு வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடித்துவிடும். மெல்லிய நூல் ஒன்றால் அவ்வளவைத் தர முடியாது. திரி தடித்தால் கூடுதலான நீர் வரும். நீண்டால் குறையும். ஆகவே இருபது லீற்றர் வாளிக்கு விரல் தடிமனில் மூன்று நான்கு திரிகளாவது வேண்டும். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் சாடியின் அடிக்கும் இடையேயான தூரம் 15 சென்ரிமீற்றரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் குறையக் குறைய அந்தத் தூரம் கூடிக்கொண்டே போகும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆழமற்ற அகன்ற தொட்டி, ஆழமான ஒடுங்கிய தொட்டியைவிட மேலானது.

இன்னொரு முரணும் உண்டு. நன்றாக வடியும் கரடான கலவை, திரியிலிருந்து நீரை மேலே பரப்புவதில் பலவீனமானது. நன்றாகப் பரப்பும் நுண்ணிய தும்புத்தூள், மழையில் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒருசேர முழுமையாகப் பெற முடியாது. திறந்த மாடியில் மழையில் நனையும் சாடிக்கு வடிவதையே முதன்மையாக்குங்கள். கூரையுள்ள பல்கனியில் நுண்ணிய கலவையும் ஏற்றுதிரியும் நன்றாகப் பொருந்தும்.

மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் திரிக்கும் மண்ணுக்கும் இடையேயான நீர்த்தொடர்பு அறுந்துவிடும். பிறகு தொட்டி நிறைய நீர் இருந்தாலும் ஏறாது. மேலிருந்து நன்றாக ஊற்றி மண்ணை நனைத்தால்தான் மறுபடி ஓட்டம் தொடங்கும். நாற்று நட்ட முதல் சில நாட்களும் மேலிருந்தே ஊற்ற வேண்டும், வேர் இன்னும் அடிவரை போயிருக்காது. கீழிருந்தே நீர் ஏறும் சாடியில் உரத்தின் உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் படியும். மழை படாத பல்கனியென்றால் அவ்வப்போது மேலிருந்து தாராளமாக நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

எந்தத் துணி, எந்தக் கயிறு?

பருத்தி முதல் நாளில் நன்றாக உறிஞ்சும், ஆனால் ஈரமண்ணில் சில மாதங்களுக்குள் உக்கிவிடும். கீரைக்குப் போதும், கத்தரிக்குப் போதாது. பொலியெஸ்டர், நைலோன், அக்ரிலிக் நூல்கள் உக்குவதில்லை. பழைய பொலியெஸ்டர் சட்டையைக் கீலமாகக் கிழித்து முறுக்கினாலும் திரியாகும். மைக்ரோபைபர் துடைதுணி மிக நன்று. புறக்கோட்டையில் கிடைக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிறுகள் பலவற்றில் நீர் ஒட்டாது, பார்த்து வாங்குங்கள்.

புதிய செயற்கை நூலில் தொழிற்சாலைப் பூச்சு இருக்கலாம். சவர்க்காரத்தில் கழுவி, நன்றாக அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். எதைத் தேர்ந்தாலும் சோதனை ஒன்றுதான்: நிறம் கலந்த நீரில் ஒரு நுனியை விட்டு, மறு நுனியை நேர்மேலே கட்டி, ஒரு மணி நேரம் கழித்து நிறம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டிய உயரத்தை எட்டாத திரியைச் சாடிக்குள் வைக்காதீர்கள்.

தொட்டியும் நுளம்பும்

ஏற்றுதிரி வைக்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக்கூடாது. டெங்கு பரப்பும் நுளம்பு வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரிலேயே முட்டையிடுகிறது. முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாட்கள் வரை போதும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது தண்டனைக்குரியது. சட்டத்துக்கும் மேலாக, நம் வீட்டுக் குழந்தைகளின் உயிர் இதில் இருக்கிறது.

தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். திரி நுழையும் துளை திரியின் தடிமனுக்கு மேல் இருக்கக்கூடாது. நீர் நிரப்பும் குழாய்க்கு மூடி போட வேண்டும். சாடியின் அடிக்குச் சற்றுக் கீழே தொட்டியில் ஒரு வழிவு துளை அவசியம். இல்லையேல் மழைநீர் நிறைந்து சாடியே மூழ்கும். அந்தத் துளையை நுண்வலையால் மூடுங்கள். வெளிச்சம் புகாத தொட்டியாக இருந்தால் பாசியும் பிடிக்காது. கழுவும்போது உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். இந்த நுளம்பின் முட்டைகள் நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இவ்வளவையும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு நான் ஏற்றுதிரியைப் பரிந்துரைக்கமாட்டேன். வடிதிரியில் தொட்டியே இல்லை என்பதால் இந்தக் கவலையும் இல்லை.

காலத்துக்கு ஏற்ப மாற்றுவது

மே மாதம் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கும்போதும், ஒக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை கொட்டும்போதும் திரி தொங்க வேண்டும், தட்டும் தொட்டியும் கீழே இருக்கக்கூடாது. ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பில் மழை குறைவு. அப்போது அதே சாடிக்குக் கீழே, கற்களுக்கு நடுவில், மூடிய தொட்டி ஒன்றை வைத்து, தொங்கும் நுனிகளை மூடியின் துளைகள் வழியே நீருக்குள் விட்டால் வடிதிரி ஏற்றுதிரியாகிவிடும். மண்ணைக் கிளற வேண்டியதில்லை, செடியை அசைக்க வேண்டியதில்லை. இந்த வசதிக்காகவே, இப்போது உடனடித் தேவை இல்லாவிட்டாலும், புதிதாக நிரப்பும் ஒவ்வொரு வாளியிலும் இரண்டு மூன்று திரிகளை முதலிலேயே வைத்துவிடுங்கள். மண் நிரப்பிச் செடி வளர்ந்த பிறகு அடியில் திரி நுழைப்பது வேரை அறுக்கும் வேலை.